முதியோர் இல்லத்தில் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, வாக்கர் வைத்து நடக்கிறார். தாம்பரம் பக்கம் ஓர் இல்லத்தில் சேர்க்க இருக்கிறோம். கட்டடத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: வரவேற்பறையைப் பார்த்து மயங்காமல் நேரே குளியலறைக்குப் போங்கள். அதன் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்துகிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துவிடும். தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்க வழி இருக்கட்டும். கதவைத் திறந்தபின் கிடைக்கும் இடைவெளி 90 செ.மீ. இருந்தால், பின்னாளில் சக்கர நாற்காலி வந்தாலும் சிரமமில்லை.

வெஸ்டர்ன் டாய்லெட்டின் இருக்கை 45 முதல் 48 செ.மீ. உயரம் இருப்பது நல்லது. அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் வலிக்காரர்களால் தானாக எழ முடியாது. ஒவ்வொரு முறையும் ஆளைக் கூப்பிட வேண்டிவரும். அதற்குக் கூச்சப்பட்டே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. பக்கத்துச் சுவரில் கைப்பிடி அவசியம். துண்டு போடும் கம்பியைக் கைப்பிடி என்று காட்டினால் ஏற்காதீர்கள். அது ஆள் எடை தாங்காது. திருகாணி டைல்ஸோடு நிற்கிறதா, சுவருக்குள் ஆங்கர் போல்ட் இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், இழுத்தும் பாருங்கள். கடற்கரையோர இல்லம் என்றால் உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடிக்கும். அடிக்கடி சோதிக்கிறார்களா என்பதும் முக்கியம்.

தரையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, வெறுங்காலோடு நின்று பாருங்கள். வழுக்கினால் அந்த இல்லம் வேண்டாம். தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கட்டும் சின்னத் திண்டிலும் வாக்கரின் கால் இடறும். இரவில் கட்டிலிலிருந்தே கழிப்பறை வாசல் தெரியும்படி விளக்கு வேண்டும், அது இன்வெர்ட்டரில் இணைந்திருக்க வேண்டும்.

மழைநீருக்குப் பயந்து தளத்தை உயர்த்திய கட்டடங்களில் சாய்தளத்தை அளந்து பாருங்கள்: 1 அடி ஏற்றத்துக்கு 12 அடி நீளம்.

கேள்வி: அப்பா இருக்கும் இல்லத்தில் பெரிய ஹால், டிவி எல்லாம் உண்டு. ஆனால் யாரும் யாரோடும் பேசுவதில்லை. ஏன்?
– வாசகர், பெரம்பூர்

பதில்: நாற்காலிகள் சுவரோரம் வரிசையாகக் கிடக்கின்றனவா? காது மந்தமானவருக்கு எதிரில் முகம் தெரிந்தால்தான் பேச்சு பிடிபடும். பக்கவாட்டில் கழுத்தைத் திருப்பி எத்தனை நேரம் பேசுவது? கனடாவில் முதியோர் வார்டு ஒன்றில் நாற்காலிகளைச் சிறு மேஜைகளைச் சுற்றிப் போட்டுப் பார்த்தபோது பேச்சு ஏறக்குறைய இரட்டிப்பானது என்று ஆய்வாளர்கள் சோமரும் ராஸும் 1958-இல் எழுதினார்கள். மேஜைக்கு 4 நாற்காலி, கைவைத்த நாற்காலியாக. கையை ஊன்றித்தானே எழ வேண்டும். டிவியை ஒரு மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள். பழைய வரிசைக்கே திரும்பிவிடாமல் பணியாளர்களிடம் காரணத்தையும் சொல்லுங்கள், பெருக்கித் துடைக்க வரிசைதான் அவர்களுக்கு வசதி.

கேள்வி: மறதி நோயுள்ள மாமியார் அறை வாசலில் வந்து நின்றுவிடுகிறார், தாண்ட மறுக்கிறார்.
– வாசகி, அம்பத்தூர்

பதில்: வாசலில் கறுப்புக் கால்மிதி இருந்தால் எடுத்துவிடுங்கள். அவர் கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியக்கூடும். உள்ளும் வெளியும் தரை ஒரே நிறமாக, பளபளப்பில்லாமல் இருக்கட்டும். மாறாக, கழிப்பறைக் கதவும் இருக்கையும் சுற்றியுள்ள வெள்ளையிலிருந்து பளிச்சென்று வேறுபட்ட நிறத்தில் இருந்தால் அவரே கண்டுபிடித்துப் போவார்.