கொரோனேஷன் ஸ்ட்ரீட், ஈஸ்ட்எண்டர்ஸ் போன்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்களின் தரம் குறைந்துவிட்டதா?

"முன்ன மாதிரி இல்லை" என்று பழைய ரசிகர்கள் சொல்வது வெறும் ஏக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது நியாயம்தான்.

1960-ல் கொரோனேஷன் ஸ்ட்ரீட் தொடங்கியபோது வாரத்துக்கு 2 அத்தியாயங்கள். 1989-ல் 3, 1996-ல் 4 என்று கூடி, 2017-ல் 6 ஆனது. இவ்வளவு வேகத்தில் எழுதினால் கதை எங்கிருந்து வரும்? கொலை, தீ விபத்து, கடத்தல் என்று இழுக்க வேண்டியதுதான்.

1984-ல் கொரோனேஷன் ஸ்ட்ரீட்டில் ஹில்டா ஆக்டன் என்ற பாத்திரத்தின் கணவர் ஸ்டான் இறந்த பிறகு வரும் காட்சியைப் பாருங்கள். அவருடைய பொருட்கள் இருந்த பொட்டலத்தைப் பிரிக்கிறார். மூக்குக் கண்ணாடிக் கூடு கையில் கிடைக்கிறது. உடைந்து அழுகிறார். அவ்வளவுதான்! எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். இந்த நிதானம்தான் இப்போது அரிதாகிவிட்டது.

ஆனால் பார்வையாளர் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்காதீர்கள். 1986 கிறிஸ்துமஸ் அன்று ஈஸ்ட்எண்டர்ஸை சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள் என்றால், அப்போது இருந்ததே நான்கு சேனல்கள்தான்.

அப்புறம், நல்ல எழுத்து அடியோடு போய்விடவும் இல்லை. 2016-ல் எமர்டேல் என்ற இன்னொரு பிரிட்டிஷ் தொடர், மறதி நோய் வந்த ஆஷ்லி என்ற பாத்திரத்தின் பார்வையிலேயே ஓர் அத்தியாயத்தை எடுத்தது. தெரிந்த முகங்களே அவருக்கு அந்நியமாகத் தெரியும். அதைத் தேடிப் பாருங்கள்.