ரொட்டிக்கும் உடம்புக்கும் ஒரே வேரா?

கேள்வி: ஜெர்மன் படித்து வருகிறேன். முழு ரொட்டிக்கு 'லைப்', உடம்புக்கும் 'லைப்'. முதலாவதை ஏ-ஐ என்றும் அடுத்ததை ஈ-ஐ என்றும் எழுதுகிறார்கள், உச்சரிப்பு ஒன்றுதான். இரண்டும் ஒரே வேரா? அகராதியில் ரொட்டிக்கு மூலம் *ஹ்லைபஸ் என்று நட்சத்திரம் போட்டிருக்கிறது. அது எதற்கு?

பதில்: வேர்கள் வேறு வேறு. முதலில் அந்த நட்சத்திரத்தைப் பார்ப்போம். அந்தச் சொல் எந்த எழுத்துச் சான்றிலும் கிடைக்கவில்லை, ஜெர்மன், ஆங்கிலம் போன்ற ஜெர்மானிய மொழிகளை ஒப்பிட்டு மீட்டுருவாக்கியது என்று அதற்குப் பொருள். தொல் திராவிடச் சொற்களுக்கும் இதே குறிதான்.

அதற்காக வெறும் ஊகம் என்று தள்ளிவிடாதீர்கள். 4ஆம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்ற ஆயர், வழக்கொழிந்த ஜெர்மானிய மொழியான கோதிக்கில் மொழிபெயர்த்த பைபிளில், பரமண்டல ஜெபத்தின் அப்பம் கேட்கும் வரி 'ஹ்லைஃப் உன்சரானா' என்றுதான் தொடங்குகிறது. 'எங்கள் அப்பத்தை' என்று அர்த்தம். ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸில் ஹ்லெய்ஃப்ர், பழைய ஆங்கிலத்தில் ஹ்லாஃப். இவ்வளவு சாட்சிகள் ஒத்துப்போவதால்தான் மூலத்தை நம்பி எழுத முடிகிறது.

சரி, எழுதும்போது குழப்பம் வராமல் இருக்க என்ன வழி? ஆங்கில உறவுச் சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ரொட்டிக்கு 'லோஃப்', உடம்புக்கு 'லைஃப்'. உடம்பைக் குறிக்கும் சொல்லுக்கு முன்பு உயிர், வாழ்வு என்ற பொருளும் இருந்தது. ஆங்கிலத்தில் 'ஓ' வந்தால் மூலத்தில் 'ஐ': ஆங்கில ஸ்டோன்–ஜெர்மன் ஷ்டைன், ஹோம்–ஹைம் எல்லாம் இந்த வகை. ஆங்கிலத்திலும் 'ஐ' என்றே ஒலித்தால் மூலத்தில் பெரும்பாலும் நெடில் 'ஈ': வைன்–வைன். ஜெர்மனில் இரண்டு ஒலிகளும் ஒன்றாகிவிட்டதால்தான் இந்த 'லைப்' ஜோடியை எழுத்தில் பிரித்துக் காட்டுகிறார்கள். இரண்டுமே ஆண்பால் என்பதால் பால் உதவாது. பன்மை உதவும்: ரொட்டிகள் 'லைபெ', உடல்கள் 'லைபர்'.

ரொட்டிக்கான அந்த மூலச் சொல்லின் வாரிசுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 'லார்ட்'. பழைய ஆங்கில 'ஹ்லாஃப்வேர்ட்', அதாவது ரொட்டியைக் காப்பவன், தேய்ந்து தேய்ந்து இப்படி ஆனது. 'லேடி'யும் அப்படித்தான், 'ஹ்லாஃப்டீயெ', ரொட்டிக்கு மாவு பிசைபவள். ஒரு வீட்டின் அதிகாரம் யார் கையில் என்பதை அடுப்படியை வைத்தே சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம், ஜெர்மானியக் குடும்பத்துக்கு வெளியேயும் இது கடன் போயிருக்கிறது. ஃபின்னிஷின் பழைய சொற்களில் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வருவதில்லை. அதனால் 'ஹ்' விழுந்து 'லெய்பா' ஆனது. ஸ்லாவிய மொழிகள் அதை விடவில்லை. ஜெர்மனும் ஆங்கிலமும் தொலைத்துவிட்ட அந்த முதல் ஒலி, ரஷ்யர்கள் ரொட்டியை 'ஹ்லெப்' என்று சொல்லும்போது இன்றும் காதில் விழுகிறது.