சீனியரை உட்கார வைக்கலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் வார இறுதி லீகில் ஆடும் எங்கள் பேஸ்பால் அணிக்கு நான் மேனேஜர். அணி தொடங்கிய நாளிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸில் (மற்ற ஃபீல்டர்கள் எறியும் பந்தைப் பிடித்து ஆளை அவுட் ஆக்கும் இடம்) நிற்கும் சீனியருக்கு இப்போது 41 வயது. வேகமான பந்துக்கு அவருடைய மட்டை தாமதமாகத்தான் வருகிறது. அந்த இடத்துக்கு 19 வயதுப் பையன் ஒருவன் தயாராக இருக்கிறான். சீனியரை உட்கார வைத்தால் அணி உடையும் என்கிறார்கள். பையனைக் காக்க வைத்தால் வேறு அணிக்குப் போய்விடுவான். என்ன செய்வது?

பதில்: பையனை ஆட விடுங்கள். அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆனால் சீனியரிடமிருந்து ஃபர்ஸ்ட் பேஸை மட்டும்தான் எடுக்கிறீர்கள், அணியில் அவருக்கிருக்கும் இடத்தை அல்ல. இது அவருக்கும் மற்றவர்களுக்கும் சந்தேகமில்லாமல் தெரிய வேண்டும்.

அமெரிக்காவின் மேஜர் லீக்கில் ஆடும் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியில் நடந்ததைப் பாருங்கள். 2018 மே மாதம், லெஃப்ட் ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்த ஹோவி கென்ட்ரிக்கின் குதிகால் தசைநார் அறுந்தது. அவருக்குப் பதில் அழைத்துவரப்பட்டவர் 19 வயது ஹுவான் சோட்டோ. அடுத்த ஆண்டு கென்ட்ரிக் குணமாகித் திரும்பியபோது அந்த இடம் சோட்டோவுக்கே சொந்தமாகிவிட்டது. கென்ட்ரிக்கை ஃபர்ஸ்ட் பேஸ், செகண்ட் பேஸ் என்று மாற்றி மாற்றி ஆட வைத்தார்கள், தினமும் இறக்கவில்லை. 121 ஆட்டங்களில் அவருடைய மட்டையடி சராசரி .344, அதாவது நூறு முயற்சிக்கு 34 ஹிட்!

2019 வேர்ல்ட் சீரிஸின் (மேஜர் லீக் இறுதித் தொடர்) ஏழாவது ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். நேஷனல்ஸ் 2-1 என்று பின்தங்கியிருந்தது. எதிரணி நான்கு பந்தைத் தவறாக வீசியதால் சோட்டோ அடிக்காமலே ஃபர்ஸ்ட் பேஸுக்குப் போனார். அடுத்து வந்த 36 வயது கென்ட்ரிக் அடித்த பந்து வலப்பக்க ஃபவுல் கம்பத்தில் பட்டு ஹோம் ரன் ஆனது. தன் இடத்துக்கு வந்த இளைஞரையும் சேர்த்தே ஹோம் பேஸுக்குக் கொண்டுவந்து ரன் எடுக்க வைத்தார். கோப்பை நேஷனல்ஸுக்கு.

சீனியருக்குக் கொடுக்கும் வேலை சின்னதாக இருக்கலாம், ஒப்புக்குக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. 2016 சிகாகோ கப்ஸ் அணியில் 39 வயது டேவிட் ராஸின் முக்கிய வேலை, ஜான் லெஸ்டர் பந்து வீசும் நாட்களில் அதைப் பிடிக்கும் கேட்சராக நிற்பது. அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸின் ஏழாவது ஆட்டத்தில் லெஸ்டர் வீச வந்ததும் இளைய கேட்சர் வில்சன் கான்ட்ரெராஸை எடுத்துவிட்டு ராஸை இறக்கினார்கள். வந்த வேகத்தில் ஒரு பந்து அவர் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்து எதிரணிக்கு இரண்டு ரன் போனது. அடுத்த இன்னிங்ஸிலேயே ஹோம் ரன் அடித்து ஒன்றை மீட்டார்.

இந்த ஏற்பாட்டை ஒவ்வொரு சீசனும் புதிதாக யோசியுங்கள். ஒரு வருடம் பலித்தது எப்போதும் பலிக்காது: கோப்பை வென்ற அதே நேஷனல்ஸ்தான் 2021-இல் 97 ஆட்டங்கள் தோற்றது.

இந்த வாரமே சீனியரைத் தனியாகப் பார்த்துப் பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வேண்டாம், மைதானத்தில் லைன்-அப் படிக்கும்போது அவர் தெரிந்துகொள்ளும்படியும் விட்டுவிடாதீர்கள். கடைசி இன்னிங்ஸ்களில் ஆள் பேஸில் இருக்கும்போது பின்ச் ஹிட்டர் (இன்னொருவருக்குப் பதில் மட்டை பிடிக்க இறங்குபவர்) அவர்தான் என்று சொல்லுங்கள், சொன்னபடி இறக்குங்கள். தரையில் குத்தி வரும் எறியை எப்படிக் கோரி எடுப்பது, உங்கள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) எறிவது எந்தப் பக்கம் விலகும் என்பதெல்லாம் இத்தனை வருடம் அங்கே நின்ற அவருக்குத்தான் தெரியும். பயிற்சியில் பையனை அவரிடமே விடுங்கள்.

பையனிடமும் ஒன்று சொல்ல வேண்டும்: இரண்டு ஆட்டம் சொதப்பினால் தூக்கிவிட மாட்டேன் என்று. சொன்ன பிறகு, அவன் மூன்று முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆகும் நாளில் பெஞ்ச் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள்.