சம்பளம் உயர்ந்தும் எட்டாத வீடு

வணக்கம் ஐயா,

1998-இல் ஹெச்-1பி விசாவில் அமெரிக்கா வந்து, சில ஆண்டுகளிலேயே நியூஜெர்சியில் வீடு வாங்கியவன் நான். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகன், அவன் வயதில் நான் வாங்கியதைவிடக் கூடுதலாகவே சம்பளம் வாங்குகிறான். ஆனாலும் சொந்த வீடெல்லாம் தன் தலைமுறைக்கு இல்லை என்கிறான். வெளியே சாப்பிடுவதையும் ஊர் சுற்றுவதையும் குறைத்துக்கொண்டால் முடியாதா? இதற்கிடையே எங்கள் ஊர் ரயில் நிலையத்தருகே பெரிய அபார்ட்மென்ட் ஒன்று வரவிருக்கிறது. பள்ளிக்கூடங்கள் நிரம்பி வழியும் என்பதால் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். அமெரிக்கக் கனவு இளைஞர்களுக்கு உண்மையிலேயே கட்டுப்படியாகாமல் போய்விட்டதா?

க. ரா., நியூஜெர்சி

அன்புள்ள க. ரா.,

கைபேசி, கார், விமானப் பயணம் எல்லாம் உங்கள் மகனுக்குக் கட்டுப்படியாகத்தான் செய்கின்றன. கட்டுப்படியாகாதது வீடுதான். ஆனால் அந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் சொத்தில் பெரும்பங்கு வீடாகவே இருப்பதால், அது எட்டாமல் போனால் மற்றவை எட்டியும் பெரிய பயனில்லை.

4 லட்சம் டாலர் வீட்டுக்கு 80 ஆயிரத்தை முன்பணமாகக் கட்டி, மீதியை 30 ஆண்டுக் கடனாக வாங்கினால், 3 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 1,350 டாலர். 7 சதவீதத்தில் அதே கடனுக்குச் சுமார் 2,130. 2021-இல் வாங்கியவர் கட்டுவது முதல் தொகை. 2023 அக்டோபர், நவம்பரில் வாங்கியவர் கட்டுவது இரண்டாவது, அல்லது அதற்கும் மேல். மாதம் 780 டாலரை உணவகத்துக்குப் போகாமல் ஈடுகட்டிவிட முடியுமா? அதன்மேல் உங்கள் மாநிலத்தின் சொத்து வரி வேறு, சராசரியாக ஆண்டுக்கு 10,000 டாலரை ஒட்டி. குறைந்த வட்டிக் கடனை இழக்க மனமில்லாமல் பலர் வீட்டை விற்காதிருப்பதால், சந்தைக்கு வரும் பழைய வீடுகளும் குறைந்துவிட்டன.

வட்டி ஏறும், இறங்கும். போதிய வீடுகளைக் கட்டவிடாத ஊர் விதிகள்தாம் அசையாமல் நிற்கின்றன. 1947 முதல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் எழுந்த லெவிட்டவுன் என்ற குடியிருப்பின் முதல் வீடுகளின் பரப்பு சுமார் 750 சதுர அடி. போரிலிருந்து திரும்பியவர்கள் அரசு உத்தரவாதக் கடனில், முன்பணமே இல்லாமல் அவற்றை வாங்க முடிந்தது. (கறுப்பினத்தவருக்கு அங்கே இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள், இந்தக் கனவு எல்லாருக்குமானதாக ஒருபோதும் இருந்ததில்லை.) அத்தகைய வீட்டை உங்கள் மாநிலத்து மவுண்ட் லாரலில் 1970-களின் தொடக்கத்தில் கட்டியிருக்க முடியாது, ஏனெனில் ஒற்றைத்தள வீடு குறைந்தது 1,100 சதுர அடி இருந்தாக வேண்டும் என்பது அங்கே விதி. அடுக்குமாடி கட்ட வந்தவர்களிடம் அந்த ஊர் வாங்கிய உறுதிமொழி இன்னும் விசித்திரமானது: பத்து வீட்டுக்கு மூன்று பிள்ளைகள் என்ற கணக்கைத் தாண்டி உள்ளூர்ப் பள்ளிக்கு எத்தனை பேர் வருகிறார்களோ, அத்தனை பேரின் கல்விச் செலவையும் கட்டுமான நிறுவனமே ஏற்க வேண்டும். பள்ளிகள் பெரிதும் சொத்து வரியில் நடப்பதால், சிறிய வீட்டில் பிள்ளைகளோடு குடியேறும் குடும்பம் ஊருக்கு நஷ்டம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 1975-இல் மாநில உச்ச நீதிமன்றம் இதை ஏற்க மறுத்து, குறைந்த வருமானக்காரர்களுக்கும் நடுத்தர வருமானக்காரர்களுக்கும் வீடு அமைய வளரும் ஊர்கள் வழிவிட்டாக வேண்டும் என்றது. அரை நூற்றாண்டாகியும் ஊர்கள் மல்லுக்கட்டுவதை நிறுத்தவில்லை. அந்தக் கடமையை நடைமுறைப்படுத்த 2024-இல் வந்த சட்டத்தை எதிர்த்தும் சில ஊர்கள் வழக்குத் தொடுத்தன.

நீங்கள் கையெழுத்திட்ட மனுவும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். அபார்ட்மென்ட் வந்தவுடன் உங்கள் மகன் வீட்டுக்குச் சொந்தக்காரராகிவிட மாட்டார். அதில் பெரும்பாலும் வாடகை வீடுகளே இருக்கும். ஆனால் டெக்சஸின் ஆஸ்டினில் ஏராளமாகக் கட்டிய பிறகு, 2023 முதல் வாடகை இறங்கியது. அப்படி இறங்கும் இடத்தில்தான் முன்பணத்துக்கென்று இளைஞர்கள் ஏதேனும் சேர்க்க முடியும். நீங்கள் சொல்லும் சிக்கனமும் அங்கேதான் பலிக்கும். மகனிடம் செலவுக் கணக்குக் கேட்பதற்கு முன், அந்த மனுவிலிருந்து உங்கள் பெயரை நீக்கச் சொல்லலாம் என்பது என் எண்ணம்.