மகளின் ரத்தத்திலிருந்து மூளைச் செல்: கொடுக்கலாமா?

கேள்வி: என் ஏழு வயது மகளுக்கு ரெட் சிண்ட்ரோம் என்ற, மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் மரபணு நோய். ஆராய்ச்சிக் குழு ஒன்று அவளுடைய ரத்தத்தைக் கேட்கிறது. அதிலிருந்து ஸ்டெம் செல் (உடலின் மற்ற செல்களாக மாறக்கூடிய செல்) உருவாக்கி, மூளைச் செல்லாக மாற்றுவார்களாம். அதை அவள் மூளையில் வைப்பார்களா? குணமாகுமா?

பதில்: வைக்க மாட்டார்கள் அம்மா. அந்தச் செல்கள் ஆய்வகத்திலேயே இருக்கும். இது சிகிச்சை அல்ல. உங்கள் மகளுக்கு இதனால் நேரடிப் பலன் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம் எதற்கு என்று கேட்பீர்கள். நோயை ஆராய்வதற்காக ஒரு குழந்தையின் மூளையிலிருந்து செல்லை எடுக்க முடியாது. அதற்கு ஒரு மாற்றுவழி 2006-ல் கிடைத்தது. ஜப்பானின் ஷின்யா யமனாகா, எலியின் தோல் செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தி, அதைக் கருவின் ஆரம்பகாலச் செல் போல, அதாவது ஸ்டெம் செல்லாக, ஆக்கினார். மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது கைகூடியது. 2012-ல் நோபல் பரிசும் வந்தது. ரத்தச் செல்லையும் இப்படி மாற்றலாம். பிறகு வாரக்கணக்கில் வளர்த்தெடுத்தால் நரம்புச் செல் கிடைக்கும்.

ரெட் சிண்ட்ரோமுக்கு இந்த முறை மிகவும் பொருந்தி வருகிறது. பெரும்பாலும் இந்நோய்க்குக் காரணம், எக்ஸ் குரோமோசோமில் உள்ள எம்இசிபி2 மரபணுவின் பழுது. பெண்களுக்கு எக்ஸ் இரண்டு. ஒவ்வொரு செல்லிலும் ஒன்றுதான் இயங்கும். அதனால் உங்கள் மகளின் உடலில் நல்ல மரபணு இயங்கும் செல்களும் உண்டு, பழுதானது இயங்கும் செல்களும் உண்டு. ஒரே குழந்தையின் ரத்தத்திலிருந்து இருவகை நரம்புச் செல்களையும் வளர்த்து, அருகருகே வைத்துப் பார்க்க முடியும். மற்றதெல்லாம் ஒன்றுபோல இருப்பதால், வித்தியாசம் தெரிந்தால் அது அந்த மரபணுவால்தான் என்று கருதலாம். 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், ரெட் நோயாளிகளின் நரம்புச் செல்கள் உருவில் சிறியவை, அவற்றுக்கிடையே இணைப்புகளும் குறைவு என்று தெரிந்தது. மருந்துகளையும் இச்செல்களில் சோதிக்கிறார்கள். ஆனால் இவை வயதில் கருவின் செல்களைப் போன்றவை. வலிப்போ மூச்சுத் தடுமாற்றமோ ஆய்வகத் தட்டில் வளரும் செல்களில் தெரியாது.

என்னைக் கேட்டால், கொடுங்கள். கையெழுத்திடும் முன், செல்களை எத்தனை காலம் வைத்திருப்பார்கள், மருந்து நிறுவனங்களுக்குக் கொடுப்பார்களா, பெயரை நீக்குவார்களா, பின்னால் விலக முடியுமா என்று கேளுங்கள். மறுத்தாலும் அவளுடைய சிகிச்சை குறையக் கூடாது.

‘ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும்’ என்று பணம் கேட்பவர்களிடம் மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். ரெட் நோய்க்கு அப்படி நிரூபிக்கப்பட்ட ஊசி எதுவும் இல்லை. 2023-ல் அமெரிக்காவில் ட்ரோஃபினெடைடு என்ற மருந்துக்கு, இரண்டு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்காக அனுமதி கிடைத்தது. நோயைக் குணமாக்காது, சிலருக்கு அறிகுறிகள் குறைகின்றன, வயிற்றுப்போக்கு அதிகம் வரும். அது உங்கள் மகளுக்குப் பொருந்துமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். வலிப்பு மருந்தையும் பிசியோதெரபியையும் நிறுத்த வேண்டாம்.