அப்பாவின் ஆர்எக்ஸ் 100: எஞ்சின் கிளம்பிவிட்டது, ஆர்.சி. புக்?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னை விவசாயம் செய்கிறேன். அப்பா 1995-ல் பொள்ளாச்சியில் யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கினார். தமிழ்நாட்டுப் பதிவு. 2010-ல் பதிவு முடிந்தது, புதுப்பிக்கவில்லை. 2012-ல் அப்பா தவறிவிட்டார். அதற்குப் பிறகு வண்டி தோட்டத்துச் சாளையில் சாக்குப் போட்டுக் கிடந்தது. இப்போது பொள்ளாச்சி மெக்கானிக் ஒருவர் டேங்க்கின் துருவைக் கழுவி, கார்பரேட்டரைப் பிரித்து, பிஸ்டன் ரிங் மாற்றிக் கிளப்பிவிட்டார். ஆனால் கிராங்க் கேஸில் விரிசல் இருக்கிறதாம். "உடைச்ச வண்டியோட எஞ்சின் ஒண்ணு கையில இருக்கு, மாத்திடலாம்" என்கிறார். உடுமலையில் இருக்கும் தங்கை வீட்டு முகவரியைக் காட்டித் தமிழ்நாட்டு நம்பரையே வைத்துக்கொள் என்கிறான் நண்பன். வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய் என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில் மெக்கானிக்குக்கு போன் போட்டு, எஞ்சினைத் தொடாமல் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் வண்டியின் எஞ்சின் நம்பர் அந்த கிராங்க் கேஸின் மேல்தான் அடித்திருக்கும். அதைக் கழற்றிப் போட்டால் ஆர்.சி. புக்கில் உள்ள நம்பரும் போய்விடும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி அதே கம்பெனியின் அதே ரக எஞ்சினை மாற்றுவதற்குக்கூடப் பதிவு அலுவலகத்தின் முன் அனுமதி வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லியிருக்கிறது. அதனால் ஆர்எக்ஸ் 135 எஞ்சினைப் போட்டு இழுவையைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அந்த 'உடைச்ச வண்டி' எஞ்சின். அது யாருடைய வண்டி? பில் இருக்கிறதா? ஆர்எக்ஸ் எஞ்சினுக்கு இன்றைக்கு எவ்வளவு கிராக்கி என்று உங்களுக்கே தெரியும், திருட்டு வண்டியை உடைத்து விற்பவர்களும் உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) பிரிவு 317 உங்கள் மேல் பாயும். பில் இல்லாமல் மலிவாக வாங்கியதையே அந்தக் 'காரணம்' என்று போலீஸ் சொல்லும். விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைக்க முடியுமா என்று கேளுங்கள், செலவானாலும் அதுதான் நல்லது. ஸ்டியரிங் ஹெட்டில் இருக்கும் சேசிஸ் நம்பரின் மேல் கிரைண்டர் படவே கூடாது. மண்ணெண்ணெய் தொட்டு பிரஷால் தேய்த்துத் துருவை எடுத்து, இரண்டு நம்பருக்கும் பென்சில் பிரின்ட் (நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்த பதிவு) எடுத்து வையுங்கள். வண்டி உங்கள் அப்பாவுடையதுதான் என்று காட்ட அந்த இரண்டு நம்பர்களை விட்டால் வேறு வழியில்லை.

நம்பர் பிளேட்டைப் பற்றி நீங்கள் கேட்க விரும்பாத பதிலைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 47. உங்கள் வண்டி பத்து வருடத்துக்கும் மேலாகக் கேரளத்து மண்ணில் கிடக்கிறது. அப்பா கையால் துடைத்த அந்தத் தமிழ்நாட்டு நம்பர் போய், சித்தூருக்கான கே.எல். 70 நம்பர்தான் வரும். இதற்காகத் தங்கை முகவரியைக் காட்டாதீர்கள். அது பொய் விவரம். நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் தோண்டுவது இதைத்தான், உங்களோடு சேர்ந்து தங்கையும் கோர்ட் படி ஏற வேண்டிவரும். பழைய பிளேட்டைக் கழற்றி வீட்டுச் சுவரில் மாட்டி வைக்க எந்தச் சட்டமும் தடையில்லை.

வின்டேஜ் பேச்சை விட்டுவிடுங்கள். அதற்கென 2021-ல் வந்த விதி 50 வருடம் தாண்டிய வண்டிக்குத்தான். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், அன்றாடம் ஓட்டவும் முடியாது. 15 வருடம் ஆன வண்டியை ஒழித்தே ஆக வேண்டும் என்ற பயமும் வேண்டாம். பழைய வண்டிகளுக்கு டெல்லி வட்டாரத்தில் போட்ட தடை இங்கே கிடையாது. தனியார் வண்டி சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

சரி, எங்கே தொடங்குவது? பதிவு செய்த தமிழ்நாட்டு அலுவலகத்தில் உங்களுக்கு இரண்டு வேலைதான். உங்களிடம் இருப்பது பழைய புத்தக ஆர்.சி.யாக இருந்தால், அதன் விவரம் வாஹன் என்ற அரசின் வண்டிப் பதிவுக் கணினியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் ஏற்றச் சொல்லி மனு கொடுங்கள். அது நடக்காமல் சித்தூரில் உங்கள் கோப்பைத் திறக்கவே மாட்டார்கள். அடுத்தது படிவம் 28-ல் என்.ஓ.சி. (ஆட்சேபமில்லாச் சான்று). திருட்டு வழக்கு எதுவும் இல்லை என்ற போலீஸ் அறிக்கையையும் வரி பாக்கியையும் பார்த்துவிட்டுத் தருவார்கள். 30 நாளில் தரவோ மறுக்கவோ இல்லையென்றால் தந்ததாகவே கொள்ள வேண்டும் என்கிறது பிரிவு 48. அதனால் மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள்.

மற்றதெல்லாம் சித்தூர் ஜாயின்ட் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில். உரிமையாளர் இறந்துவிட்டால் வாரிசு எங்கே குடியிருந்து வண்டியை வைத்திருக்கிறாரோ அங்கேதான் பெயர் மாற்றம் கேட்க வேண்டும், பிரிவு 50 அப்படித்தான் சொல்கிறது. படிவம் 31 பெயர் மாற்றத்துக்கு, 27 புது நம்பருக்கு, 25 புதுப்பித்தலுக்கு. மூன்று மாதத்துக்குள் செய்திருக்க வேண்டிய பெயர் மாற்றம் இது. தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடலாம்.

காலம் தின்னப்போவது வாரிசுச் சான்றிதழ். கேரளத்தில் கெசட்டில் (அரசிதழில்) அறிவித்து, ஆட்சேபத்துக்கு அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் தாசில்தார் தருவார். இன்றைக்கே மனு போடுங்கள். உயில் இல்லாத இந்துக் குடும்பம் என்றால் அம்மா, தங்கை, உயிரோடு இருந்தால் அப்பத்தா எல்லோருக்கும் வண்டியில் பங்கு உண்டு. அவர்களின் சம்மதத்தை எழுதி வாங்குங்கள். எல்லைப் பக்கத்துக் குடும்பங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் சிக்கல் பெயர். பொள்ளாச்சி ஆர்.சி.யில் இனிஷியலோடு பழனிசாமி, இங்கே ரேஷன் கார்டில் பழனிச்சாமி, இறப்புச் சான்றிதழில் வேறொரு எழுத்து. இந்தப் பெயர்களெல்லாம் ஒருவருடையதே என்று வில்லேஜ் ஆபீஸில் சான்றிதழ் கிடைக்கும், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். மனுவைத் தமிழில் எழுதத் தயங்காதீர்கள். மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் 1969-ன் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உரிமை தருகிறது.

செலவு: 20 ஆண்டு தாண்டிய இருசக்கர வண்டியின் புதுப்பிப்புக் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு 2,000 ரூபாய் ஆக்கியது. கேரளத்தின் ஐந்தாண்டு வரி தனி. தாமதத்துக்கு மாதம் 300 ரூபாய் என்றும் மத்திய விதியில் இருக்கிறது. 2010-ல் அந்த விதியே கிடையாது. அந்த ஆண்டிலிருந்து கணக்குப் போட்டுப் பெரிய தொகை கேட்டால், எந்த விதி, எந்தத் தேதியிலிருந்து என்று எழுத்தில் கேட்டு ஆட்சேபியுங்கள்.

இன்சூரன்ஸை மொபைலில் அப்பா பெயரில் போட்டுவிடாதீர்கள். இறந்தவர் பெயரில் எடுத்த பாலிசி, வேண்டிய நாளில் கைகொடுக்காது. கிளைக்கு நேரில் போய் வாரிசுச் சான்றிதழைக் காட்டி உங்கள் பெயரில் மூன்றாம் நபர் பாலிசி (உங்கள் வண்டியால் பிறருக்கு ஆகும் சேதத்துக்கானது) எடுங்கள். 75 முதல் 150 சிசி வரையான வண்டிக்கு 2022-ல் நிர்ணயித்த ஆண்டு பிரீமியம் 714 ரூபாய்தான். புகைச் சோதனையில் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் தடுமாறும். 2000 மார்ச் 31 வரை தயாரான வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 9,000 பங்கு) வரை அனுமதி. சைலன்சர் கரியைச் சுத்தம் செய்து, ஆயில் அளவைச் சரிபார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

இதெல்லாம் முடியும் வரை மாநில எல்லையிலுள்ள வேலந்தாவளம் செக்போஸ்ட் வழியாக ஒரு 'டிரயல்'கூட வேண்டாம். பட்டறை வாசல் ரோடும் பொது இடம்தான். இன்சூரன்ஸ் இல்லாததற்கு முதல் முறை 2,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. பதிவு இல்லாததற்கு 2,000 முதல் 5,000 வரை. யார் மேலாவது இடித்துவிட்டால் நஷ்டஈடு முழுவதும் உங்கள் தோட்டத்திலிருந்துதான் போகும். பொள்ளாச்சியிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து சித்தூர் சோதனைக்கும் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

மெக்கானிக்கிடம் பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டு, பில்லும் வாங்குங்கள். செய்த வேலைக்குக் கூலி தரும் வரை வண்டியைப் பிடித்து வைக்க ஒப்பந்தச் சட்டம் பிரிவு 170 அவருக்கு உரிமை தருகிறது. நீங்கள் கேட்காத வேலைக்கு அந்த உரிமை இல்லை. உங்கள் சம்மதமில்லாமல் எஞ்சினை மாற்றியிருந்தால், பட்டறை பொள்ளாச்சியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை.