92 ஆயிரம் சம்பளத்தில் 12.9 லட்சத்துக்கு கார் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். மடிப்பாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, ஏழாவதும் மூன்றாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியோடு அம்மா. என் சம்பளம் கையில் 62 ஆயிரம், மனைவிக்கு 30 ஆயிரம். வாடகை 19, பள்ளிக் கட்டணம் மாதக் கணக்கில் 11, வீட்டுச் செலவு 24, இன்சூரன்ஸும் எஸ்ஐபியும் சேர்த்து 9, பர்சனல் லோன் 6 (இன்னும் எட்டு மாதம்), சீட்டு 5 ஆயிரம். எஃப்டியில் 5 லட்சம் இருக்கிறது. எஸ்யூவியே எடு, ஆன்ரோடு 12.9 லட்சம் வரும், 9 லட்சம் லோன், ஏழு வருஷம், மாதம் பதினாலரை ஆயிரம்தானே என்கிறார் மச்சான். முன்பணத்துக்கு மனைவியின் நகையில் 2 லட்சம் வைத்துவிட்டு மீதியை எஃப்டியில் எடுக்கலாம் என்பது அவர் யோசனை. ஆபீஸுக்கு பைக்கில்தான் போவேன். அம்மாவின் ஆஸ்பத்திரி, ஞாயிற்றுக்கிழமை, எப்போதாவது விழுப்புரம், இதற்குத்தான் கார். மாதம் 500 கிலோமீட்டர் ஓடினால் அதிகம். என்ன செய்யட்டும்?

பதில்: எஸ்யூவி வேண்டாம். நகையைத் தொடவே வேண்டாம். சின்ன கார் வாங்கலாம், ஆனால் இன்றைக்கு இல்லை, எட்டு மாதம் கழித்து. காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன், ஏனென்றால் மச்சானிடம் நீங்கள் பேச வேண்டியிருக்கும்.

நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 74 ஆயிரம். 92-ல் அது போக மிச்சம் 18 ஆயிரம். இஎம்ஐ 14,500 என்றால் இதற்குள் அடங்குவதுபோலத்தான் தெரியும், இந்த இடத்தில்தான் நிறைய குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன, ஏனென்றால் இஎம்ஐ என்பது காரை வாங்கிய செலவு மட்டும்தான், வைத்திருக்கும் செலவு தனி. மாதம் 500 கிலோமீட்டருக்கு, சென்னை நெரிசலில் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுக்கிற வண்டியானால் பெட்ரோலுக்கே நாலாயிரம் போய்விடும். வருஷா வருஷம் இன்சூரன்ஸ், சர்வீஸ், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்து நிற்கிற டயர், பேட்டரி செலவு, டோல், பார்க்கிங், வண்டி கழுவுகிறவருக்குக் கொடுப்பது, எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் அந்த அளவு வண்டிக்கு ஒன்பதாயிரத்துக்குக் குறையாது. ஆக 23,500. உங்களிடம் இருப்பது 18 ஆயிரம். மாதா மாதம் 5,500 துண்டு விழும், நகைக்கடன் வட்டி அதற்கு மேல். பர்சனல் லோன் முடிந்த பிறகும் கையில் ஒன்றும் நிற்காது. ஏழு வருஷத்துக்கு 9 சதவீதம் என்று வைத்தால் அந்த 9 லட்சத்துக்கு வட்டி மட்டும் 3.16 லட்சம். லோன் முடியும்போது மூன்றாவது படிக்கிற பிள்ளை பத்தாவது முடித்திருக்கும், மூத்த பிள்ளை கல்லூரியில் இருக்கும். அந்த வருஷங்களின் கட்டணத்துக்குச் சேர்க்க வேண்டிய பணத்தைத்தான் இந்த கார் எடுத்துக்கொள்ளும்.

நகை பற்றி ஒரு வார்த்தை. ஒரே காருக்கு இரண்டு கடன் வாங்குவது, அதுவும் ஒன்று நகை மேல், எனக்கு உடன்பாடே இல்லை. உடம்புக்கு ஏதாவது வந்தாலோ வேலை போனாலோ அரைமணி நேரத்தில் பணமாக மாறுகிற சொத்து அது. அதை முன்பணத்துக்கு வைத்துவிட்டால் அப்புறம் அவசரத்துக்கு யாரிடம் போவீர்கள்? வருஷா வருஷம் வட்டி மட்டும் கட்டி மறுபடி வைத்துக்கொண்டே போகிற வீடுகளை நான் நிறைய பார்க்கிறேன்.

அடுத்து வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புதிய காருக்கு ஆயுட்கால சாலை வரி 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வருமான வரி மாதிரி 10 லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு மட்டும் 18 என்று நினைக்காதீர்கள், முழு விலைக்கும் அந்த விகிதம்தான். 9.95 லட்சம் விலையுள்ள காருக்கு வரி 1,29,350 ரூபாய். அதே கார் ஒரு வேரியன்ட் மேலே போய் 10.20 லட்சம் ஆனால் வரி 1,83,600. விலையில் 25 ஆயிரம்தான் கூடியது, வரியில் 54 ஆயிரம் கூடிவிட்டது. மச்சான் சொல்கிற வண்டியின் எக்ஸ்ஷோரூம் விலை (சாலை வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 10 லட்சத்துக்குச் சற்று மேலே இருக்கும் என்றுதான் அந்த 12.9-ஐப் பார்த்தால் தெரிகிறது. சன்ரூஃபுக்காக அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்களிடம் ஷோரூமில் யாரும் இதைப் பிரித்துச் சொல்வதில்லை.

சின்ன கார் பக்கம் நிலைமை இப்போது நல்லபடியாகவே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், 4 மீட்டருக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது, மேலே இருந்த செஸ்ஸும் போய்விட்டது. வேகன்ஆர், டியாகோ, ஐ10 நியோஸ் மாதிரி வண்டிகள் எல்லாம் இதற்குள் வருகின்றன. எக்ஸ்ஷோரூம் 5.5 லட்சம் என்று ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 13 சதவீத வரி 71,500, இன்சூரன்ஸ் முப்பதாயிரத்துக்கு உள்ளே, பதிவு, ஃபாஸ்டேக் எல்லாம் சேர்த்து 6.6 லட்சத்தில் வீட்டுக்கு வந்துவிடும்.

எந்த வண்டி என்பதை யூடியூப் விமர்சனம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அம்மாவை ஷோரூமுக்குக் கூட்டிப்போங்கள். பின்கதவைத் திறந்து மூன்று தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு இருக்கை தாழ்வாக இருந்தால் உட்காரும்போது அப்படியே கீழே விழுகிற மாதிரி இருக்கும், எழும்போது கதவையோ முன்சீட்டையோ பிடித்து இழுத்துத்தான் வெளியே வர முடியும், ரொம்ப உயரமான வண்டியானால் காலைத் தூக்கி வைப்பதே பாடு. இருக்கை அவருடைய இடுப்பு உயரத்துக்கு இருந்தால் சும்மா திரும்பி உட்கார்ந்துவிடலாம். வேகன்ஆரின் உயரமான வடிவம் இதற்கு வசதி என்பது என் கருத்து. ஆனாலும் அம்மா சொல்வதுதான் முடிவு. அதே நேரத்தில் இரண்டு பிள்ளைகளையும் அவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று பேருக்கும் பெல்ட் போட்டுப் பாருங்கள். விழுப்புரம் வரைக்கும் அப்படித்தானே உட்கார வேண்டும்.

சிஎன்ஜி எடுக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிஎன்ஜி வேரியன்ட்டுக்கு 90 ஆயிரம் பக்கம் கூடுதலாகக் கேட்பார்கள், கிலோமீட்டருக்கு இரண்டரை, மூன்று ரூபாய் மிச்சமாகும். உங்கள் 500 கிலோமீட்டருக்கு அந்தப் பணம் திரும்பி வர ஐந்து வருஷமாவது ஆகும், டிக்கியில் பாதி இடமும் போய்விடும். பெட்ரோலே போதும். எலெக்ட்ரிக் கார் நல்லதுதான், ஆனால் வாடகை வீட்டில் சார்ஜர் போட வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும், நாளைக்கு வீடு மாறினால் மறுபடி அதே கதை.

இப்போது பணத்தை எப்படிப் புரட்டுவது என்று பார்ப்போம். அடுத்த மாதத்திலிருந்தே கார் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, சம்பளம் வந்த அன்றே 15 ஆயிரத்தை ஒரு ஆர்டியில், அதாவது மாதா மாதம் கட்டும் வைப்புக் கணக்கில், போடுங்கள். எட்டு மாதத்தில் 1.2 லட்சம் சேரும், அதற்குள் பர்சனல் லோனும் முடிந்திருக்கும். இதில் இன்னொரு லாபம், மாதம் 15 ஆயிரம் இல்லாமல் வீடு ஓடுகிறதா என்பது கடன் வாங்குவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். மூன்றாவது மாதமே ஆர்டியை உடைக்க வேண்டி வந்தால், காரை இன்னும் ஒரு வருஷம் தள்ளிப்போடுங்கள்.

எட்டு மாதம் கழித்துக் கையில் 6.2 லட்சம் இருக்கும். அதில் 3 லட்சம் முன்பணம். மீதி 3.2 லட்சம் நாலு மாதச் செலவுக்குச் சமம், அதை எந்தக் காரணத்துக்கும் காரில் போடாதீர்கள். லோன் 3.6 லட்சம், நாலே வருஷம், 9 சதவீதத்துக்கு இஎம்ஐ சுமார் 8,960. வைத்திருக்கும் செலவு சின்ன வண்டிக்கு ஏழாயிரம். மொத்தம் 16 ஆயிரம். பர்சனல் லோன் போனபின் உங்கள் மிச்சம் 24 ஆயிரம் என்பதால், கார் ஓடியும் மாதம் 8 ஆயிரம் கையில் நிற்கும். ஷோரூமில் ஏழு வருஷம் போடுங்கள், இஎம்ஐ குறையும் என்பார்கள். குறையும்தான், ஆனால் உதாரணத்துக்கு 5 லட்சம் கடன் என்று வைத்தால், நாலு வருஷத்தில் 97 ஆயிரமாக இருக்கிற வட்டி ஏழு வருஷத்தில் 1.76 லட்சம் ஆகிவிடும்.

லோனை முதலில் உங்கள் சம்பளக் கணக்கு இருக்கிற வங்கியில் கேளுங்கள். ஷோரூமுக்குப் போகும் முன்பே ஒப்புதல் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வட்டி, கட்டக் கட்டக் குறைகிற பாக்கி அசலுக்கா, இல்லை கடைசி வரை முழுக் கடன் தொகைக்கும் போடுகிற ஃப்ளாட் முறையா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய கார் லோனில் இந்த ஃப்ளாட் வட்டி அடிக்கடி வரும். 6 சதவீதம் ஃப்ளாட், ஐந்து வருஷம் என்றால் கேட்க மலிவாக இருக்கும், குறையும் அசல் முறையில் அது கிட்டத்தட்ட 11 சதவீதம்.

பழைய கார் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வருஷம் ஓடிய வண்டி மூன்றரை, நாலு லட்சத்துக்குக் கிடைத்தால் கடனே இல்லாமல் முடிக்கலாம், எனக்கு அது பிடித்த வழிதான். ஆனால் சென்னையில் வாங்கும்போது 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தை மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், மேலே எவ்வளவு கழுவியிருந்தாலும் உள்ளே சுருண்டு கிடக்கிற பகுதியில் சேற்றுக்கோடு இருக்கும். முன்சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அடியில் இருக்கிற தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஆர்சியில் எத்தனையாவது உரிமையாளர், வங்கிக் கடன் பதிவு இருக்கிறதா, சலான் பாக்கி உண்டா என்பதை பரிவாகன் தளத்தில் பார்த்துவிடலாம். வாங்கினால் 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய உரிமையாளரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் கேட்காத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது ஆளோடு போவது, வண்டியோடு வருவதில்லை.

இந்த வெள்ளப் பேச்சு புது காருக்கும் பொருந்தும். மடிப்பாக்கத்தில் இருக்கிறவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து என்ஜின் கெட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் வராது, அதற்கு என்ஜின் ப்ரொடெக்ட் என்ற கூடுதல் கவர் தனியாக எடுக்க வேண்டும். பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளைம் கொடுக்கிற ஜீரோ டெப்ரிசியேஷனும் இதுவும் உங்கள் பகுதிக்கு அவசியம். மற்ற கூடுதல் கவர்களை விடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை ஒருபோதும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், அந்த ஒரு முயற்சியில்தான் என்ஜின் உடைகிறது, கிளைமும் சிக்கலாகிறது. இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஷோரூமில் விலைப்பட்டியலை வரிவரியாகக் கேளுங்கள். இன்சூரன்ஸை அங்கேதான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. புதிய காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வேண்டும், அதையும் சொந்தச் சேதத்துக்கான காப்பீட்டையும் வெளியிலும் வாங்கலாம். ஒரே ஐடிவி (இன்சூரன்ஸில் வண்டிக்கு வைக்கிற மதிப்பு), ஒரே கூடுதல் கவர் என்று வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், பல ஆயிரம் வித்தியாசம் வரும். ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேட்டு எடுக்கச் சொல்லுங்கள். சீட் கவர், மேட் எல்லாம் ஜிபி ரோட்டில் போட்டுக்கொள்ளலாம். டிசம்பர் கடைசியில் தள்ளுபடி நன்றாக இருக்கும், தயாரிப்பு வருஷம் ஒன்று பழையதாகிவிடும் என்பதால் விற்கும்போது கொஞ்சம் குறையும், பத்து வருஷம் வைத்திருக்கப்போகிற உங்களுக்கு அது பெரிய விஷயம் இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அம்மாவின் ஆஸ்பத்திரிக்கு மட்டும் என்றால் கால் டாக்ஸி இதைவிட மிகவும் மலிவு, மாதம் 16 ஆயிரம் ரூபாய்க்கு டாக்ஸி பிடித்தாலும் அவ்வளவு பயணம் உங்களுக்கு இருக்காது. ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எதிர்பார்க்காமல் கிளம்பலாம், பிள்ளைகளோடு மழையில் நிற்க வேண்டாம் என்பதற்காகத்தான் கார். அது நியாயமான ஆசை. அதுவரை இந்த எட்டு மாதமும் அம்மாவை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போகாதீர்கள், டாக்ஸியிலேயே கூட்டிப்போங்கள். அந்தப் பணத்தை ஆர்டியிலிருந்து எடுக்க வேண்டாம், 18-ல் மிச்சமிருக்கும் மூவாயிரத்தில் கொடுங்கள்.